கோட்டின்மேல் விழுந்த செல்கள்

இந்த ஊரில் முட்டை வாங்குகிறவர்கள் அட்டைப்பெட்டியைத் திறந்து, விரல் நுனியால் ஒவ்வொரு முட்டையையும் லேசாகச் சுழற்றிப் பார்ப்பார்கள். சுழன்றால் முழு முட்டை. ஒட்டிக்கொண்டால் அடியில் விரிசல். அவ்வளவுதான் அவர்களுடைய பரிசோதனை. நான் முட்டையைக் கையில் எடுத்து, விரல்களைச் சுற்றி மடக்கி, கடையின் விளக்குக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன். ஸ்காட்லாந்துக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் கை தானாக உயர்கிறது. போன வாரம் ஒரு கடைப்பெண் பக்கத்தில் வந்து நின்று, ஏதாவது குறையா என்று கேட்டாள். உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அவள் முகம் வெளிறிப்போய் மேலாளரை அழைத்து வந்தாள். தங்கள் கடை முட்டையில் குஞ்சு இருக்க வாய்ப்பே இல்லை என்று அவர் உறுதியளித்தார். பலமுறை மன்னிப்புக் கேட்டார். இன்னொரு பெட்டியை இலவசமாகக் கொடுத்தார். வாய்ப்பில்லை என்பது எனக்குத் தெரியாதா? சேவலைக் கண்ணால் பார்க்காத கோழிகள் இட்ட முட்டை அது. நான் குறை சொல்லவில்லை, பழக்கத்தில் செய்தேன் என்று விளக்கப்போனால் மூன்றாவது பெட்டியும் கைக்கு வந்துவிடும் என்று பேசாமல் திரும்பிவிட்டேன்.

எழுபதுகளின் நடுவில் எனக்கு வேண்டியதெல்லாம் குஞ்சு இருக்கிற முட்டைதான். சேலத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். அங்கே அப்போது சோளக்காடுகளுக்கு நடுவே நீளநீளமாகக் கோழிக்கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. எனக்கு மாமன் முறையாகும் செங்கோடன் என்பவர் சேவலும் பெட்டையுமாகச் சேர்த்து வளர்த்துக் குஞ்சு பொரித்து விற்றார். அவரிடம் பத்து நாள் அடை வைத்த முட்டை வேண்டும் என்று கேட்டேன்.

"ஏனுங்க மாப்பிள்ள, பொரிக்கற முட்டைய வாங்கி ஒடைக்கறதுக்கா காலேஜுல சம்பளம் குடுக்கறாங்க?"

"ஒடச்சு, உள்ள இருக்கற கருவுல செல்லு எடுத்து வளக்கறதுக்குங்க மாமா."

"அதுக்கு அந்தக் குஞ்சயே வளத்துனா ஆறு மாசத்துல அதுவே முட்ட போடுமுங்களே. பாதியில நிறுத்தி, பொடிப்பொடியா வெட்டி, மறுக்கா எதுக்குங்க வளத்தறீங்க?"

பிற்காலத்தில் என் ஆய்வுத் திட்டங்களை அலசிய எந்த நிபுணர் குழுவும் இதைவிடக் கூர்மையாக ஒரு கேள்வி கேட்டதில்லை. மாமா முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்து, ரத்த நாளம் ஓடுகிறவற்றைப் பொறுக்கி, உமி நிரப்பிய கூடையில் அடுக்கிக் கொடுத்தார். கூடையை மடியில் வைத்துக்கொண்டு ராசிபுரம் வழியாகச் சேலத்துக்குப் பேருந்தில் போவேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்பார். மடியில் வைத்திருப்பது லக்கேஜ் ஆகாது என்ற விதியை எடுத்துச் சொல்வேன். ஒருமுறை அவர், "அப்பக் குஞ்சுகளுக்கு அரை டிக்கெட் போடட்டுங்களா?" என்றார். பேருந்தே சிரித்தது. விதி என் பக்கம் இருந்ததால் நான் சிரிக்கவில்லை.

கருவை நறுக்கி, திசு கரையும் மருந்தில் ஊறவைத்தால் செல்கள் தனித்தனியாகப் பிரியும். அவற்றைத் தட்டையான கண்ணாடிப் புட்டியில் ஊட்டக் கரைசலோடு விட்டு, கருவின் சூட்டிலேயே வைத்தால் அடியில் ஒட்டிக்கொண்டு பெருகும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். புட்டியின் அடி முழுவதும் நிறைந்து, ஒவ்வொரு செல்லையும் சுற்றி அண்டை செல்கள் தொட்டுக்கொண்டு நின்றதும் பெருக்கம் நின்றுவிடும். இடமில்லை என்று தெரிந்ததும் தானாக நிறுத்திக்கொள்கிற அந்த ஒழுங்குதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ராசிபுரம் பேருந்தில் நான் கண்டறியாத ஒழுங்கு அது. எந்த வேகத்தில் பெருகுகின்றன, எப்போது தயங்குகின்றன, எப்போது நிற்கின்றன என்று நாள் தவறாமல் எண்ணிப் பதிவுசெய்ய முடிவெடுத்தேன். மின்சாரம் போகும் நாள்களில் வெந்நீர்ச் சொம்புகளை அடுக்கி, புட்டிகள் இருந்த அடைப்பெட்டியின் சூட்டைக் காப்பாற்றினேன். மூன்றாண்டுகள் விடவில்லை.

எண்ணுவதற்கு ஒரு கண்ணாடிச் சில்லு உண்டு. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவில் கட்டங்கள் கீறியிருக்கும். ஒரு சொட்டுக் கரைசலை விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பதினாறு சிறு கட்டங்களில் செல்கள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் எண்ணித் தாளில் அதே கட்டத்தில் எழுத வேண்டும். சிக்கல், கோட்டின்மேல் விழுந்த செல்களால்தான் வரும். அவற்றுக்கு உலகம் முழுவதும் ஒரே விதி: கட்டத்தின் மேல்கோட்டிலும் இடதுகோட்டிலும் இருப்பதைச் சேர், கீழ்க்கோட்டிலும் வலதுகோட்டிலும் இருப்பதை விடு. அப்போதுதான் ஒரே செல் இரண்டு கட்டங்களில் எண்ணப்படாது. இந்த விதியை நான் எங்கள் துறையின் அட்டெண்டர் பழனியம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கணவர் இறந்தபின் அவருடைய வேலை இவருக்குக் கிடைத்தது. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். சேந்தமங்கலம் பக்கத்தில் கொஞ்சம் காடு இருந்தது; மானாவாரி நிலத்தை எங்கள் பக்கம் காடு என்றுதான் சொல்வோம். தடித்த கண்ணாடி போட்ட எனக்கு அரைமணி நேரம் நுண்ணோக்கியில் குனிந்தாலே தலை வலிக்கும்; அவருக்கு வலிக்காது. புட்டிகளை நான் பார்த்துக்கொண்டேன், எண்ணிக்கையை அவர் பார்த்துக்கொண்டார். முதல் வாரம் சரிபார்த்தேன். பிழையே இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளின் கீழும் கூட்டுத்தொகையைப் போட்டுக் கையெழுத்திட்டேன். சில எண்களுக்குப் பக்கத்தில் மைப்புள்ளிகள் இருந்தன. பேனாவை ஊன்றி யோசித்த இடங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நோட்டுகள்தான் என்னை இங்கே கொண்டுவந்தன. இங்கே ஒரு பேராசிரியரிடம் கணிப்பொறி இருந்தது, செல்கணக்கு இல்லை. என்னிடம் கணக்கு இருந்தது, கணிப்பொறியை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். கடிதங்கள் போய்வந்தன. கல்லூரியின் ஆட்சேபணையில்லாச் சான்றிதழ், பாஸ்போர்ட், போலீஸ் விசாரணை, அதிகாரி சான்றொப்பமிட்ட நகல்கள், அந்த அதிகாரி அதிகாரிதான் என்பதற்கான சான்று எல்லாவற்றையும் எந்த வரிசையில் கேட்டால் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். பின்னால் புறப்பட்ட பலருக்கு நான்தான் வழிகாட்டினேன். எழுபதுகளின் கடைசியில் விமானம் ஏறினேன். பெட்டியில் துணியைவிட நோட்டு அதிகம்.

இங்கே வந்தபின் உயிரியலை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கணிப்பொறிக்குள் இழுக்கப்பட்டேன். புட்டியில் நடப்பதை எண்களாக நடத்திப் பார்ப்பது எங்கள் வேலை. ஒவ்வொரு செல்லும் தன்னைச் சுற்றிலும் பார்க்கும். இடம் இருந்தால் இரண்டாகும், இல்லையென்றால் சும்மா இருக்கும். எழுதிவைத்தால் இரண்டே வரிகள். புட்டி முழுவதற்கும் நடத்தினால் ஒரு கணிப்பொறி திணறும். எண்பதுகளின் நடுவில் பல சிறு கணிப்பொறிகளை ஒரே அலமாரியில் அடுக்கி, சேர்ந்து வேலைசெய்ய வைக்கும் இயந்திரம் ஒன்று வந்தது. புட்டியின் அடியைக் கட்டங்களாகப் பிரித்து, ஆளுக்கொரு கட்டம் என்று கொடுத்துவிடலாம். அதற்கு நிரல் எழுதியவள் ஐலா என்ற பெண். எப்போதும் சைக்கிள் தலைக்கவசத்தோடே உட்கார்ந்திருப்பாள். இயந்திரம் சொன்ன எண்ணிக்கையும் என் நோட்டுகளின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன. பேராசிரியர் என் கையைக் குலுக்கி, "மோசமில்லை" என்றார். நான் இரவுச் சாப்பாடு இறங்காமல் கிடந்தேன். இந்த நாட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்பதை மறுநாள் ஐலாதான் சொன்னாள். கட்டுரை எழுதி முடித்தோம். என் வேலை ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிகிறது. கட்டுரை வெளிவந்தால்தான் நீட்டிப்பு. நீட்டிப்பு வந்தால்தான் எனக்கும் மனைவிக்கும் அப்போது பள்ளியில் சேர்ந்திருந்த மகளுக்கும் விசா. அனுப்புவதற்கு முன்னால் கோடை விடுப்பில் ஊருக்குப் போனேன்.

பழனியம்மாளைப் பார்க்கச் சேந்தமங்கலம் பக்கம் போனபோது அவர் காட்டில் இருந்தார். பொழியில், அதாவது இரண்டு காடுகளுக்கு நடுவிலுள்ள வரப்பில், ஒரு பனை நின்றது. அதன் கீழே நுங்குக் குலைகள் இறக்கி, இரண்டு குவியலாகப் போட்டிருந்தார்கள். ஒரு குவியல் அவருடையது. இன்னொன்று அடுத்த காட்டுக்காரரான கொழுந்தனாருடையது. எனக்குத் தன் குவியலிலிருந்து சீவிக் கொடுத்தார்.

"மரம் யாருதுங்க அக்கா?"

"பொழியில நிக்கற மரம் ரெண்டு காட்டுக்கும் சொந்தமுங்க சார். ஒருத்தருக்குன்னு எழுதுனா அடுத்தவரு ராவோட ராவா வெட்டிப்போடுவாரு."

கட்டை விரலால் நுங்கைத் தோண்டிக்கொண்டே, "நம்ம கண்ணாடிச் சில்லுல அப்படி இல்லீங்களே. மேல்கோடும் இடதுகோடும் மட்டுந்தானே" என்று வேடிக்கையாகச் சொன்னேன்.

"அது நீங்க சொன்னதுங்க. நான் ரெண்டு கட்டத்துலயும்தான எழுதுனேன்."

நுங்கைக் கீழே வைத்தேன். "மொத வாரம் சரியா இருந்துதுங்களே?"

"மொத வாரம் நீங்க பக்கத்துலயே நின்னீங்க. அப்பறம் எண்ண எண்ண மனசு ஒப்பலீங்க. ரெண்டு பக்கமும் கால் வெச்சு நிக்குது, அத ஒரு கட்டத்துக்குக் குடுத்துப்போட்டு, இன்னொண்ணுல இல்லவே இல்லைன்னு எப்படீங்க எழுதறது? அதுக்காவக் கணக்குக் கெட்டரக் கூடாதுன்னு, எச்சா எழுதுன ஒவ்வொண்ணுக்கும் ஒரு புள்ளி வெச்சனே. நீங்க கழிச்சிருப்பீங்கன்னு இருந்தேன்." என் முகத்தைப் பார்த்தார். "கழிக்கலீங்களா? அத்தன பெரிய படிப்புப் படிச்சீங்க."

அவருடைய கணக்கில் பிழையே இல்லை என்பதைப் பேருந்தில் திரும்பும்போது உணர்ந்தேன். அதிகம் எழுதியதற்கு அடையாளமும் எழுதியிருக்கிறார். அடையாளத்தைப் படிக்கத் தெரியாமல் மூன்றாண்டுத் தாள்களிலும் கையெழுத்துப் போட்டவன் நான். நோட்டில் இருக்கும் எண்கள் உண்மையைவிடப் பெரியவை. அப்படியானால் அவற்றோடு அழகாகப் பொருந்திய இயந்திரத்தின் எண்களும் தவறுதான். இதை அறிந்தவர்கள் உலகத்தில் இருவர். அதில் ஒருவர் பனைமரத்தடியில் நுங்கு சீவிக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. இருந்துவிடலாமா என்று நாமக்கல் வரும்வரை யோசித்தேன். மலைக்கோட்டை கண்ணில் பட்டபோது முடிவு செய்துவிட்டேன். கையெழுத்து என்னுடையது.

திரும்பி வந்து ஒவ்வொரு தாளையும் எடுத்து, புள்ளிகளை எண்ணிக் கழித்தேன். பல வாரங்கள் ஆயின. கண்ணாடிக் குடுவை உடைந்தால் நிரப்பவேண்டிய படிவம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் உண்டு. சாவி தொலைந்தால் உண்டு. சொந்தக் கணக்கைத் திரும்பப் பெறுவதற்கு இல்லை. ஆகவே நானே ஒன்றை வரைந்து, காரணம் என்ற இடத்தில் உண்மையை எழுதி, பேராசிரியரிடம் நீட்டினேன். நெடுநேரம் படித்தார். எண்ணியது யார் என்று கேட்டார். நோட்டில் யார் கையெழுத்து இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்றேன். ஜன்னலைப் பார்த்தபடி, "இதை நீ கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்" என்றார். என்ன பெருந்தன்மை, அவகாசம் கொடுக்கிறாரே என்று நெகிழ்ந்து, இரண்டு நாள் உண்மையாகவே யோசித்து, மூன்றாம் நாள் போய், "யோசித்துவிட்டேன், அதே முடிவுதான்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். 'யோசித்துப் பார்' என்றால் இங்கே 'விட்டுவிடு' என்று பொருளாம். புரிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். புரியாததால் மரியாதையோடு விடாமல் இருக்க முடிந்தது. கட்டுரை நிறுத்தப்பட்டது. ஒப்பந்தம் முடிய ஏழு மாதம் இருந்தது. அதற்குள் இயந்திரம் ஏன் அதிகம் எண்ணுகிறது என்று கண்டுபிடித்தால் சரி, இல்லையென்றால் வணக்கம் என்று அவர் அழகான ஆங்கிலத்தில் சொன்னார். அதை மட்டும் சரியாகப் புரிந்துகொண்டேன்.

ஆறு மாதம் நிரலின் ஒவ்வொரு வரியையும் ஐலாவோடு உட்கார்ந்து படித்தேன். பெருகும் வேகம், சாகும் வேகம், தொடக்க எண்ணிக்கை எல்லாம் சரி. கணினி மொழி எனக்கு அரைகுறை. ஆனால் நடைமுறை என்று ஒன்றிருந்தால் அதன் ஓட்டை எங்கே இருக்கும் என்று தெரியும். இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில்தான் இருக்கும். மனைவி பழைய அட்டைப்பெட்டிகளைச் சேர்க்கத் தொடங்கியிருந்தாள். ஊருக்குத் திரும்பினால் பாத்திரம் கட்டுவதற்கு. ஒரு மதியம் ஐலாவிடம், "கோட்டின்மேல் நிற்கும் செல்லை உன் நிரல் என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு கணிப்பொறிக்குத்தான் கொடுக்கும். நீங்கள் சொன்ன விதிதான், மேலும் இடதும். இரண்டுமுறை எண்ணக்கூடாதே" என்றாள் பெருமையாக.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கணிப்பொறிக்கு, அங்கே ஒரு செல் நிற்கிறது என்று தெரியுமா?"

ஐலா தலைக்கவசத்தைக் கழற்றினாள். அவளை அது இல்லாமல் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தெரியாது. என் விதியை அத்தனை ஒழுங்காகக் கடைப்பிடித்ததால் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் தன் கட்டத்தின் விளிம்போடு உலகம் முடிந்துவிட்டது. விளிம்பிலிருந்த செல்கள் எட்டிப் பார்த்தன. அந்தப் பக்கம் காலி என்று நினைத்து, நிறுத்தவேண்டிய நேரத்தில் நிறுத்தாமல் பெருகிக்கொண்டே போயின. எண்ணுவதற்கு என் விதி சரி. வாழ்வதற்குப் போதாது. ஒரு செல்லை ஒரு கட்டத்தில்தான் எண்ண வேண்டும். ஆனால் அடுத்த கட்டத்திலும் அது நிற்கிறது என்று எழுதி, எண்ணக்கூடாது என்று அடையாளம் வைக்க வேண்டும். பழனியம்மாள் சேலத்தில் செய்தது அதைத்தான். நான் நோட்டைத் திறந்து, ஒரு தாளில் இருந்த புள்ளிகளைக் காட்டினேன். ஐலா பார்த்துவிட்டு, "இந்த அம்மா எந்தப் பல்கலைக்கழகம்?" என்று கேட்டாள். காடு வைத்திருக்கிறார் என்றேன்.

ஒவ்வொரு கணிப்பொறியும் அண்டைக் கட்டத்தின் விளிம்புச் செல்களுக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டு, கணக்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை செய்தி பரிமாறிக்கொள்ளும்படி ஐலா மாற்றி எழுதினாள். அந்த நகல்களுக்கு இவர்கள் தொழிலில் பேய் என்று பெயர். இருக்கிறது, ஆனால் எண்ணிக்கையில் இல்லை. செய்தி ஒரு சுற்று தாமதித்தாலும் நகல் பொய்யாகிவிடும் என்று எச்சரித்தாள். அதற்குள் நான் ஊரிலிருந்து வரும் வான்கடிதங்களை மூன்று வாரம் கழித்துப் படித்துப் பழகியிருந்ததால் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இயந்திரம் ஓடியது. கழித்த கணக்கோடு பொருந்தியது. பேராசிரியர் இந்த முறை நீட்டிப்புப் படிவத்தைத் தானே நிரப்பிக் கொண்டுவந்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன். கட்டுரையின் நன்றிப் பகுதியில் பழனியம்மாள் பெயரைச் சேர்த்தேன். பட்டம் என்ன, நிறுவனம் எது, குடும்பப் பெயர் எது என்று பத்திரிகையிலிருந்து மூன்றுமுறை எழுதிக் கேட்டார்கள். மூன்றுமுறையும், பெயர் பழனியம்மாள், அவ்வளவுதான் என்று பதில் எழுதினேன். அச்சான பிரதியை அவருக்கு அனுப்பினேன். பதில் கடிதத்தை யாரையோ கொண்டு எழுதியிருந்தார்: பெயரைப் பார்த்தாராம், சந்தோஷமாம், பனை நன்றாக இருக்கிறதாம், கழித்தீர்களா என்று கேட்டிருந்தார்.

இப்போது நான் ஓய்வுபெற்றவன். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் இந்த ஊர் மன்றத்திலிருந்து, இந்த வீட்டில் வசிப்பவர்கள் யார் யார் என்று கேட்டு ஒரு படிவம் வருகிறது. எங்கள் ஊரில் குலதெய்வக் கோயிலுக்கும் ஒரு பட்டியல் உண்டு. நோம்பித் திருவிழாவுக்கு முன்னால் பங்காளிகள் கூடி உட்கார்ந்து, பெயர்களை உரக்கப் படிப்பார்கள். என் பெயர் வரும்போது தம்பி, "இருக்காருங்க" என்பானாம். எங்கே என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஆண்டு தம்பி மகன் அந்தப் பட்டியலைப் படமெடுத்துத் தொலைபேசியில் அனுப்பினான். விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் பெயர் அடிக்கப்படவில்லை. பக்கத்தில் நீல மையில் ஒரு புள்ளி. இது எதுக்கு என்று கேட்டேன். "ஊருல இல்லாதவங்களுக்குங்க பெரியப்பா. கறிச்சோத்துக்கு எண்ணறப்பக் கழிச்சுக்குவாங்க" என்றான்.

மேசையில் இந்த ஊர்ப் படிவம் கிடந்தது. தெளிவான எழுத்தில் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதிக் கையெழுத்திட்டேன். உறையை ஒட்டுவதற்கு முன் மறுபடி வெளியே எடுத்து, என் பெயருக்குப் பக்கத்தில் பேனாவை ஊன்றி ஒரு புள்ளி வைத்தேன். படிவத்தில் அதற்கு இடமில்லைதான். பேனா ஓய்வெடுத்த இடம் என்று நினைத்துக்கொள்வார்கள்.